கணினி அரங்கும் காண்டிகையுரையும்

நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. பேச்சு வன்மை பிறவியிலே வருவது, இல்லாதவனுக்கு இல்லை என்பது ஒன்று. தொழினுட்பங் கற்றவனுக்குப் பேச்சு வேண்டியதில்லை, செய்து காட்டினாற் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் ஒருங்கே தள்ளிவிடவேண்டும் என்பது என் கருத்து. தள்ளாவிடின் நட்டம் யாருக்கு என்பதையும் சொல்லவேண்டியிருக்கின்றது.

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்குக் கணினி மாநாட்டிலே என்ன வேலை என்று சிலர் வினாவுதல் கூடும். வினா நியாயமானதே. நான் கணினியைக் கையாளும் அளவுக்கு அறிந்தவன். ஆக்கும் அளவுக்கு அறிந்தவன் அல்லன். ஆனால், ஒரு பொருளைப் பிறர்க்குச் சொல்லும் முறை யாது என்பதைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். கணினி மாநாட்டிலே நிகழ்வதும் சொல்லுதலே. பொருள் அவர்களுடையது, முறை பொது.

முதலில் அம்மாநாடுகளின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நன்று. அவை நம்மூர்க் கூட்டங்களைப் போன்றவை அல்ல. இங்கே விழாக் குழுவினர் பேச்சாளரைத் தேடிப் போகின்றனர். காரில் ஏற்றி வந்து மாலை சூட்டுகின்றனர். அங்கே பெரும்பாலும் பேச்சாளனே விண்ணப்பிக்க வேண்டும். மாநாடு கூடுதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, இன்ன இன்ன பொருள்களிலே பேச விரும்புவோர் எழுதலாம் என்று அறிவித்தல் வருகின்றது. விரும்புவோர் தாம் சொல்லப் போவதை ஒரு பந்தியிலோ இரண்டு பந்திகளிலோ சுருக்கி எழுதி அனுப்புகின்றனர். தெரிவுக் குழுவினர் அவற்றை வாசிக்கின்றனர். சில மாநாடுகளிலே, முதற் சுற்றில் எழுதினவர் பெயரை மறைத்துவிட்டே வாசிக்கின்றனர். தெரியப்பட்டவனுக்கு இருபது நிமிடமோ முப்பது நிமிடமோ கிடைக்கும். பேசி முடிந்ததும் அவையோர் வினாவுவர். வினாவுகின்றவர்கள் அதே தொழிலைச் செய்கின்றவர்கள். புகழ்ந்து தப்ப முடியாது. உரத்துப் பேசியும் தப்ப முடியாது.

இந்தச் சுருக்கத்தைப் பற்றி முதன்முதலிற் கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. இது பாயிரம். நன்னூலைப் பாடங் கேட்ட எவனுக்கும் இது தெரிந்த சங்கதி. சிறப்புப் பாயிரம் எட்டுப் பொருள்களைச் சொல்லவேண்டும் என்பது நம் இலக்கணம். இயற்றியவன் யாவன் என்பதும், நூலிலே சொல்லப்படும் பொருள் யாது என்பதும், அதனைக் கேட்டற்கு உரியவர் யாவர் என்பதும், கேட்டலால் விளையும் பயன் யாது என்பதும் அவற்றுட் சில. காலம், களம், காரணம் என்னும் மூன்றையுங் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். மாநாட்டுத் தெரிவுக் குழுவினர் கேட்கின்ற வினாக்களும் இவையே. இது எதைப்பற்றியது? யாருக்கு உரியது? கேட்டவன் என்ன கொண்டு போவான்? இதைச் சொல்ல நீ ஏன் தக்கவன்? பாயிரமில்லாத நூல் நூலன்று என்று நாம் வகுப்பிலே சொல்லுகின்றோம். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகின்றோம். மேல்நாட்டார் அந்த இலக்கணத்தின் பெயரையும் அறியாமல், அதன்படி நடக்கின்றனர்.

இனி, நம்முடைய பிள்ளைகளைப் பேச்சாளர் ஆக்குதற்கு நாம் செய்கின்ற முயற்சியைப் பார்ப்போம். பேச்சுப்போட்டி நடக்கின்றது. ஆசிரியர் எழுதிக் கொடுக்கின்றார். பிள்ளை மனனஞ் செய்கின்றது. எந்த இடத்திலே கையை உயர்த்துவது, எந்த இடத்திலே குரலைத் தாழ்த்துவது என்பதும் எழுத்திலே குறிக்கப்பட்டிருக்கும். எதுகையும் மோனையும் சிந்தும். மணி அடிக்கும். பரிசு கிடைக்கும். நடுவராக இருந்து நூற்றுக்கணக்கான இத்தகைய பேச்சுக்களைக் கேட்டிருக்கின்றேன். பல பேச்சுக்கள் செவிக்கு இனியன. குரலும் உச்சரிப்பும் திருந்துதற்கு இப்பயிற்சி உதவுகின்றது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால், ஒரு போட்டியிலேனும் பேசின பிள்ளையை நோக்கி ஒருவரும் ஒரு வினா வினாவக் கண்டிலேன். பிள்ளை தான் கண்ட ஒன்றைச் சொல்லவும் கேட்டிலேன். பிறர் எழுதிய சொல்லைப் பிறர் குறித்த பாவத்தோடு ஒப்புவித்தல் நடிப்பு. நடிப்பும் நல்ல கலைதான். அஃது உரை அன்று.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்பொழுது கொழும்பிலே மென்பொருள் ஆக்குந் தொழிலிலே இருக்கின்றான். பள்ளிக்கூட நாளிலே பேச்சுப்போட்டிகளிற் பரிசு பெற்றவன். தொழினுட்ப மாநாடு ஒன்றுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் மறுக்கப்பட்டான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தவன், மறுக்கப்பட்ட சுருக்கத்தை வாசித்துக் காட்டினான். தொழினுட்பம் உலகத்தை மாற்றியமைத்துக்கொண்டிருக்கின்றது என்று தொடங்கிற்று. அப்படியே நடந்து, அப்படியே முடிந்தது.

“தம்பி, இதைக் கேட்க வருகிறவன் யார்?” என்றேன்.

“எல்லாருந்தான், ஐயா.”

“கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவன் என்ன கொண்டு போவான்?”

அவன் பேசவில்லை.

“சரி. போன வருஷம் முழுவதும் நீ என்ன வேலை செய்தாய்? அதைச் சொல்.”

சொல்லத் தொடங்கினான். சில்லறைக் கடைகளுக்கு விற்பனைக் கணக்கு வைக்கும் நிரல் ஒன்றை ஆக்கியிருக்கின்றான். இணைய இணைப்பு அறுந்தாலும் கடையிலே விற்பனை நில்லாது நடக்கவேண்டும். இணைப்பு மீண்டதும் கணக்கு நடுநிலையத்துக்குப் போய்ச் சேரவேண்டும். போகும் வழியிலே இணைப்பு மறுபடியும் அறுந்தால், ஒரே பற்றுச்சீட்டு இரண்டு முறை போய்ச் சேர்ந்துவிடுகின்றது. விற்காத பொருள் விற்றதாகின்றது. இந்தப் பிழையோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டியிருக்கின்றான். ஈற்றிலே, ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் கடையிலேயே ஒரு தனி இலக்கம் இட்டு, அந்த இலக்கம் முன்னரே வந்ததாயின் இரண்டாவதை நடுநிலையம் கழித்துவிடும்படி செய்திருக்கின்றான். இவ்வளவையும் அவன் சொல்லியபோது எதுகை இல்லை, மோனை இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிற்று.

“இதையே எழுதி அனுப்பு” என்றேன். “இது சின்ன விஷயம், ஐயா” என்றான். “இரண்டு கிழமை உன்னை உறங்கவிடாத விஷயம் சின்னது அன்று. இதே இடத்திலே இடறி நிற்கிறவர்கள் வேறு எத்தனை பேரோ. அவர்கள்தான் உன் கேட்போர்” என்றேன்.

அவன் பின்பு செய்ததைச் சுருக்கிச் சொல்லுகின்றேன். முதலில் தன் அலுவலகத்திலே மதிய உணவு வேளையில் ஏழெட்டுப் பேருக்கு இதைச் சொன்னான். பின்பு, நிரலாளர் மாலையிலே கூடும் சிறு கூட்டம் ஒன்றிலே சொன்னான். ஒவ்வொரு முறையும் எங்கே கேட்டவர் முகஞ் சுளித்தார் என்று குறித்துவைத்து, அந்த இடத்தைத் திருத்தினான். மூன்றாம் முறை மாநாட்டுக்கு எழுதினான். ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவையிலே ஒருவர் அவன் எண்ணிப்பாராத வினா ஒன்றை வினாவினார். ‘அதை நான் ஆராய்ந்து பார்க்கவில்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன்’ என்று விடை சொன்னான். எழுதியும் விட்டான். அந்த வினாவை வினாவினவரே இன்று அவனுக்கு உற்ற தொழிற் துணை.

இதிலே பிறவிக் கொடை எங்கே இருக்கின்றது? படிப்படியாக ஏறியிருக்கின்றான், அவ்வளவே.

பிறவிப் பேச்சாளர் என்று உலகம் கொண்டாடுகின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மின்காந்தத் தூண்டலை 1831 ஆம் ஆண்டிலே கண்டறிந்த மைக்கல் பரடேயை விஞ்ஞானம் படிக்கும் மாணவர் எல்லாரும் அறிவர். அவர் கொல்லர் ஒருவரின் மகன். 1791 ஆம் ஆண்டிலே பிறந்தவர். புத்தகங் கட்டுந் தொழிலிலே ஏழாண்டு பயிலுநராக இருந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லை. இலண்டன் நகரத் தத்துவ சபை என்னும் சிறு சங்கத்திலே, தம்மையொத்த இளைஞரோடு கூடிப் பேசிப் பழகினார். 1812 ஆம் ஆண்டிலே சேர் ஹம்பிறி டேவி என்னும் இரசாயன அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அக்குறிப்புக்களைத் தம் கையாலே புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் நிலையத்திலே உதவியாளராக அமர்ந்தார்.

அமர்ந்தவுடன் அவர் செய்தது யாது? பிறர் விரிவுரை செய்யும்போது, விரிவுரையைக் கவனித்தது போலவே விரிவுரையாளரையுங் கவனித்தார். மண்டபத்திலே காற்றோட்டம் எப்படி, கருவிகள் பின்வரிசைக்குத் தெரிகின்றனவா, பேசுபவர் அவைக்கு முதுகு காட்டுகின்றாரா, எவ்வளவு நேரத்தின்பின் கேட்போர் சோர்கின்றனர் என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1813 ஆம் ஆண்டிலே தம் நண்பர் பெஞ்சமின் அபொற் என்பவருக்குக் கடிதங்களாக எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பேசுதல் ஆகாது என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. இவ்வளவையும் எழுதியபோது அவர் ஒரு விரிவுரையேனும் செய்தவர் அல்லர். 1816 ஆம் ஆண்டிலேதான், பழைய சிறு சங்கத்திலே, முதன்முதல் இரசாயனம் பற்றி விரிவுரை செய்தார். பின்பு பேச்சுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் பாடமுங் கேட்டார். பேச்சு விரைந்துவிடுதல் தம் குறை என்று அறிந்து, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்றை விரிவுரை வேளையிலே தம் முன்னே வைப்பித்துக்கொண்டார். நேரம் முடியப்போவதை அறிவித்தற்கு வேறோர் அட்டை.

மெழுகுதிரி ஒன்றைக் கையிலெடுத்து, அஃது எரிதலிலே இரசாயனம் முழுவதையுங் காட்டிச் சிறுவர்க்கு அவர் செய்த ஆறு விரிவுரைகள் உலகப் புகழ் பெற்றவை. அவை 1861 ஆம் ஆண்டிலே நூலாகவும் வெளிவந்தன. அந்தத் தெளிவைக் கண்டு, இஃது அவருக்கு இயற்கை என்கின்றோம். அட்டையை மறந்துவிடுகின்றோம்.

இனி, ஆசிரியர்களுக்குப் பெருமை தரும் ஓர் எடுத்துக்காட்டு. கிறேஸ் ஹொப்பர் என்னும் அம்மையார் அமெரிக்காவிலே வாசர் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்திலே கடற்படையிற் சேர்ந்து, 1944 ஆம் ஆண்டு முதல் கணினித் துறையிலே உழைத்தவர். மனிதன் எழுதியதைக் கணினி தனக்கு விளங்கும் கட்டளைகளாகத் தானே மாற்றிக்கொள்ளும் வழியை வகுத்தவர்களுள் முன்னணியில் நிற்பவர். கணித மாணவிகளுக்கு அவர் கட்டுரை எழுதுவித்தார். இது கணித வகுப்பா, ஆங்கில வகுப்பா என்று அவர்கள் முணுமுணுத்தபோது, பிறர்க்கு எடுத்துச்சொல்ல முடியாத கணிதத்தைக் கற்றும் பயனில்லை என்று தெளிவித்தார்.

பிற்காலத்திலே அவர் ஊரூராகச் சென்று விரிவுரை செய்தார். செக்கனை நூறு கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூறு ஒரு நானோசெக்கன். கணினியோடு பழகுவோர் இச்சொல்லை எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அதனை மனத்தாற் பற்றுதல் எங்ஙனம்? அம்மையார் ஏறக்குறைய முப்பது சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை வெட்டி அவையிலே பகிர்ந்தார். ஒரு நானோசெக்கனிலே ஒளி செல்லக்கூடிய தூரம் இவ்வளவே என்றார். செய்மதி வழியாகச் செய்தி போய்வரச் சுணங்குவது ஏன் என்று கடற்படைத் தலைவர்கள் கேட்டால், இங்கிருந்து செய்மதிவரை இந்தக் கம்பிகள் எத்தனையை அடுக்கவேண்டும் என்று காட்டுவார். கேட்டவன் கம்பியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு வீடு போனான். நம் இலக்கணிகள் நூலுக்குரிய அழகுகளுள் ஒன்றாக உதாரணத்தின் விளக்கத்தைச் சொல்லுவார்கள். உதாரணம் என்றால் இஃது உதாரணம்.

இவ்விடத்திலே என் கருத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். தொழினுட்ப அரங்குக்கு வேண்டியவன் மேடைப் பேச்சாளன் அல்லன், உரையாசிரியன். உரையை நம் முன்னோர் இருவகையாகப் பகுத்தனர். சூத்திரத்தின் கருத்தையும் பதப்பொருளையும் உதாரணத்தையும் சொல்லி, வினாவும் விடையுங் கூட்டி, சுருக்கமாக நடப்பது காண்டிகை. அவற்றோடு இன்றியமையாத பிறவற்றையும் சேர்த்து விரித்து நடப்பது விருத்தி. வினா உரைக்கு வெளியே நிற்கும் தொல்லை அன்று, உரையின் உறுப்பு. கேட்பவன் எங்கே ஐயுறுவான் என்று உரையாசிரியன் முன்னரே அறிந்து, அந்த ஐயத்தைத் தானே எழுப்பி, தானே விடுக்கின்றான். பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து வினாவினால் அவமானம் நேர்ந்துவிட்டதாக நம் இளைஞர் முகம் வாடுகின்றனர். உரை நூல்களோடு பழகினவன் வாடமாட்டான். வினாவப்படாத உரை கேட்கப்படாத உரை என்று அவனுக்குத் தெரியும்.

காண்டிகையின் சுருக்கத்தை அத்துறையினரும் நாடுகின்றனர். 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலே, பேர்ள் என்னும் நிரல்மொழியைக் கையாள்வோர் கூடிய மாநாட்டிலே, ‘மின்னற் பேச்சு’ என்று ஒன்றை நடத்தினர். ஒருவருக்கு ஐந்தே நிமிடம். ஐந்து நிமிடம் முடிந்தால் அடுத்தவர். இன்று பல நாடுகளிலே இது வழக்கமாகிவிட்டது. புதியவர்க்கு இதைவிட நல்ல வாயில் இல்லை. பிழைத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாய்த்தால் அடுத்த ஆண்டு முப்பது நிமிடம் கேட்கலாம். நம்முடைய மரபின்படி, தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையிலே வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்னே அமர்ந்திருக்கும் அன்பர்களே என்று விளித்து முடிதற்கே அவ்வைந்தில் இரண்டு போய்விடும். எஞ்சிய மூன்றிலே நேரமின்மைக்கு வருந்தலாம்.

பேச்சைத் திருத்துதற்கென்றே கூடுகின்ற சங்கங்களும் உள. 1924 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவிலுள்ள சாந்தா அனா நகரிலே றால்வ் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய ரோஸ்ற்மாஸ்ரேர்ஸ் சங்கத்துக்கு இன்று உலகெங்கும் கிளைகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் பேச, ஒருவர் நேரத்தை அளக்கின்றார். ஒருவர் மொழியை நோக்குகின்றார். ஒருவர், ‘ஆ’, ‘ம்’ என்று பேச்சாளர் இழுத்த இழுப்புக்களை எண்ணிச் சொல்லுகின்றார். எண்ணப்படுதல் முதலிற் கூச்சந் தரும். கூச்சம் போனபின் இழுப்பும் போய்விடும்.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது எனக்கு நம் கோயில்களிலே நடக்கும் புராண படனம் நினைவுக்கு வருகின்றது. கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். சுற்றி இருக்கும் முதியவர்கள் அந்தப் புராணத்தைப் பல முறை கேட்டவர்கள். பதத்தைத் தவறாகப் பிரித்தால், அந்த இடத்திலேயே ஒரு குரல் எழும். இளைஞனை எடுத்த எடுப்பிலே பயன் சொல்ல விடுவதில்லை. முதலில் கேட்கவேண்டும், பின்பு வாசிக்கவேண்டும், கூட்டம் குறைந்த நாளிலே சில பாட்டுக்குப் பயன் சொல்லிப் பார்க்கவேண்டும். என் இளமையிலே நானும் அந்தப் படிகளில் ஏறியவன். சிறிய அவை, அறிந்த அவை, திருத்துகின்ற அவை. பேச்சாளனை ஆக்குவது அது. பெரிய அவை அவனைக் காட்டுகின்றது, அவ்வளவே. அலுவலகத்து மதிய வேளைப் பேச்சும், நிரலாளரின் சிறு கூட்டமும் இன்றைய கோயில் மண்டபங்கள். அவற்றை விட்டுவிட்டு நேரே மாநாட்டு மேடைக்கு ஆசைப்படுதல் கூடாது.

பிறர் அரங்கைப் பார்த்துப் பழகுதல் நமக்குப் புதிதும் அன்று. 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆம் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மிஷனரிமாரோடு பல்லாண்டு பழகி அவர்கள் பிரசங்கிக்கும் முறையைக் கண்டவர் அவர். முறையை எடுத்துக்கொண்டார், பொருளைத் தம்முடையதாக வைத்துக்கொண்டார். இன்று நமக்கு வேண்டிய துணிவும் அதுவே.

இனி, தடைகள் இரண்டை விடுக்கவேண்டும்.

ஒருசாரார், எல்லாம் ஆங்கிலத்திலே நடக்கின்றன. ஆங்கிலம் போதாமையே நம் பிள்ளைகளின் குறை. தமிழ்ப் பண்டிதர் இதிலே என்ன செய்ய முடியும் என்பர். ஆங்கிலம் வேண்டும் என்பதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் உலக மாநாடுகளிலே பேசுவோருட் பலருக்கு ஆங்கிலந் தாய்மொழி அன்று. யப்பானியர் பேசுகின்றனர், பிரேசில் நாட்டார் பேசுகின்றனர். சிறு வாக்கியம், தெளிந்த ஒழுங்கு, கண்முன் நிற்கும் உதாரணம் ஆகிய மூன்றும் இருந்தால் அவை பொறுத்துக் கேட்கின்றது. தன் பொருளைத் தன் மொழியிலே ஒழுங்குபடச் சொல்லத் தெரிந்தவன், பிறமொழியிலே சொல்லுக்குத் தடுமாறினாலும் பொருளைத் தவறவிடான். தன் மொழியிலே ஒழுங்கில்லாதவனுக்கு ஆங்கிலம் வந்தாலும், ‘மற்றொன்று விரித்தல்’ என்னுங் குற்றமே ஆங்கிலத்தில் நிகழும். ஆதலின், முதற் பயிற்சி தமிழிலே நடக்கட்டும்.

மற்றொரு சாரார், செய்பவன் செய்வான், பேசுபவன் பேசுவான், பேச்சிலே இறங்கினவன் வேலையை விடுவான் என்பர். இதிலும் ஓர் உண்மை இருக்கின்றது. வேலை செய்யாமல் மாநாடு மாநாடாகப் பேசித் திரிகின்றவர்கள் எல்லாத் துறையிலும் உளர். அதற்கு மருந்து வாய்மூடி இருத்தல் அன்று. செய்ததை மட்டும் பேசுதல். மேலும், பேசத் தொடங்கினவன் தன் வேலையையே திரும்பப் பார்க்கின்றான். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒருவர் கேட்பார் என்னும் நினைவு, செய்கையையுந் திருத்துகின்றது. பாடஞ் சொல்லும்போதுதான் பாடம் விளங்குகின்றது என்பதை ஆசிரியராகிய நமக்கு ஒருவர் சொல்லவேண்டியதில்லை.

நட்டம் யாருக்கு என்று தொடக்கத்திலே கேட்டேன். பேசாத இளைஞனுக்கு நட்டம் என்பது வெளிப்படை. அவன் செய்ததை உலகம் அறியாது. அவன் இடறிய இடத்திலே பின்வருகிறவனும் இடறுவான். அதனினும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அது மொழிக்கு.

கணினியிலே தமிழ் எழுத்துக்கள் எவ்விலக்கம் பெறவேண்டும், விசைப்பலகையிலே எவ்வெழுத்து எங்கே நிற்கவேண்டும் என்பன தாமாக அமைந்தவை அல்ல. மனிதர் கூடி, எழுதி, வாதித்து அமைத்தவை. 1997 ஆம் ஆண்டு மே மாதத்திலே சிங்கப்பூரிலே தமிழ் இணைய மாநாடு முதன்முதற் கூடிற்று. கூட்டியவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுதியவர், தமிழ் கற்பித்தவர். தமிழாசிரியர் ஒருவர் பொறியியலாளரை ஓரவையிலே கூட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது. 1999 ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை வகுக்கப்பட்டது. பின்பு அம்மாநாடு கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன், ரொறன்ரோ என்று பல நாடுகளிலுங் கூடியிருக்கின்றது.

இன்னொன்று. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. பழைய கணக்கு ஏடுகளிலே இவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. இப்பின்னக் குறியீடுகளும் பிற வழக்குக் குறியீடுகளுமாக ஐம்பத்தொன்று, 2019 ஆம் ஆண்டிலே வெளியான யுனிகோட் 12 ஆம் பதிப்பிலேதான் இடம்பெற்றன. தமிழுக்கு அக்குறிமுறையிலே 1991 ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. இடையிலே இருபத்தெட்டு ஆண்டு. ஏடு படித்தவர்கள் இல்லாமற் போகவில்லை. ஏட்டுக் குறியீட்டைக் குறிமுறை வகுப்பாருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுகின்றவர் அருகியே இருந்தனர். இன்று இயந்திரம் தமிழை வாசிக்கின்றது; தமிழிலே பேசுகின்றது; மொழிபெயர்க்கின்றது. புணர்ச்சியிலே அது பிழைத்தால், எவ்விடத்திலே ஏன் பிழைத்தது என்று சொல்லவல்லவர் இலக்கணம் அறிந்தவரே. அவர் அவ்வவைக்குப் போவதில்லை. போகின்றவர் இலக்கணம் அறிவதில்லை. இருவர்க்கும் நடுவிலே நின்று இரண்டு பக்கமும் உரை சொல்லுகின்ற ஒருவன் வேண்டும். அவனை எங்கே ஆக்குவது?

பள்ளிக்கூடத்திலேதான். 2013 ஆம் ஆண்டு முதல் க. பொ. த. உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவும் இருக்கின்றது. அம்மாணவரும் நம் இலக்கிய மன்றத்து மாணவரே. மன்றக் கூட்டங்களிலே மாதத்துக்கு ஒரு கூட்டத்தை வேறுவிதமாக நடத்திப் பார்க்கலாம். ஒரு மாணவன் தான் கையாற் செய்த ஒன்றை ஐந்து நிமிடத்திலே சொல்லவேண்டும். அது நிரலாக இருக்கலாம், நீர்ப்பம்பியாக இருக்கலாம், வெண்பாவாகவும் இருக்கலாம். கையிலே எழுத்துப் பிரதி இருத்தலாகாது, குறிப்பு இருக்கலாம். பேசுமுன், கேட்போர் யார், பயன் யாது என்பவற்றை இரண்டு வரியிலே பாயிரமாக எழுதிப் பலகையில் ஒட்டவேண்டும். பேச்சு முடிந்தபின் மூன்று நிமிடம் வினா. வினாவிய மாணவனுக்கும் புள்ளி உண்டு. ‘எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்லுகிறேன்’ என்னும் விடைக்குப் புள்ளி குறைத்தல் கூடாது. அடுத்த கூட்டத்திலே பார்த்து வந்து சொன்னால் கூட்டிக் கொடுக்கவேண்டும். முன்வரிசையிலே ஒரு பிள்ளை ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையை வைத்திருக்கட்டும். செலவு, ஓர் அட்டையின் விலை.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓரதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கு வேறோரதிகாரம், அவையஞ்சாமைக்கு மற்றோரதிகாரம். மூன்றும் ஒன்று என்று அவர் கருதவில்லை. நாம் சொல்வன்மைக்கே பரிசளித்து வருகின்றோம். அவையை அறிதலும் அவைக்கு அஞ்சாமையும் மனனத்தால் வருவன அல்ல. அவையிலே நின்று நின்று வருவன. பண்டிதர்களாகிய நாமும் அந்த அவைகளிலே கேட்போராகவேனும் போயிருக்கத் தொடங்கினால், நம் மாணவர்க்கு அங்கே அறிந்த முகம் ஒன்று இருக்கும். விளங்காத இடத்திலே கையை உயர்த்துதற்கும் ஒருவர் இருப்பார்.